வீடும் விலையும்: கீழ்த்தளத்துக்கு என்ன மதிப்பு?

நம் ஊர் மேஸ்திரியிடம் "பேஸ்மென்ட்" என்று சொல்லிப் பாருங்கள். தரைக்கு மேலே இரண்டடி, மூன்றடி எழுப்பி மண் நிரப்புகிற மேடையைத்தான் காட்டுவார். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த என் சிநேகிதியோ, தரைக்குக் கீழே சோபா, டி.வி. எல்லாம் போட்ட பெரிய கூடத்தை பேஸ்மென்ட் என்கிறாள். பின்கதவைத் திறந்தால் நேரே தோட்டமாம்! ஒரே சொல்தான், இங்கே மேடு, அங்கே பள்ளம்.

இதைக் கேட்டுச் சிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரகடத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, இங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கோம். இவரோட பி.எஃப். பணம் வந்திருக்கு. மீதிக்குப் பையன் பேர்ல பேங்க் லோன். மாமியாருக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. இந்த வீட்டிலே கீழேயும் ரூம் இருக்கு. நீங்க வந்து ஒரு பார்வை பாருங்களேன்."

போனேன். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வீட்டு விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராக ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிஸ்ஸான் வந்தது. வேலைக்கு வருகிறவர்கள் தங்க இடம் வேண்டாமா? கார் நிறுத்த விட்ட இடத்துக்குக்கூடச் சுவர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள்.

நாங்கள் பார்த்ததும் அப்படி ஒரு வீடுதான். வயது பதினைந்து. மேலே 800 சதுர அடி. கீழே, வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று காட்டிய 700 சதுர அடியில் இரண்டு அறை, கூடம், குளியலறை. கட்டிய காலத்தில் தெருவும் அதுவும் சமமாக இருந்தனவாம். ரோடு மேல் ரோடாகப் போட்டு, இப்போது வாசலிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். பின்கதவு மட்டும் கொல்லைக்குச் சமமாகத் திறக்கிறது. சிநேகிதி சொன்ன அமெரிக்க பேஸ்மென்டேதான்! பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்ததுதானே?

விற்கிறவர் 1,500 சதுர அடிக்கும் ஒரே விலை சொன்னார். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். நிலத்துக்குத் தனி விலை, கட்டிடத்துக்குத் தனி விலை. கான்கிரீட் கட்டிடத்தின் ஆயுள் 60 வருடம் என்று வைத்து, கழிந்த வருடங்களுக்குத் தேய்மானம் கழிப்பது வழக்கம். ஒரு பேச்சுக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்று கொள்வோம். 1,500 அடிக்கு 30 லட்சம்; 15 வருடத் தேய்மானமாகக் கால் பங்கு போனால் 22.5 லட்சம். வரைபடத்தில் வீடாக உள்ள 800 அடிக்கு மட்டும் என்றால் 16 லட்சம். தேய்மானம் போக 12 லட்சம். வித்தியாசம் பத்தரை லட்சம்! ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரைதான் தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவிகிதம். அந்த மதிப்பு மதிப்பீட்டாளர் போடுவது, விற்கிறவர் சொல்வது அல்ல. துண்டு விழுவதெல்லாம் பி.எஃப். பணத்திலிருந்துதான் போகும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் 'ஃபேனி மே' நிறுவனம் 2022 ஏப்ரல் முதல் ஓர் அளவு முறையைக் கட்டாயமாக்கியது. ஒரு தளத்தின் ஏதாவது ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலும் போதும், அந்தத் தளம் முழுவதும் கீழ்த்தளம்தான். எவ்வளவு அலங்கரித்திருந்தாலும், பின்கதவு தோட்டத்துக்கே திறந்தாலும், மேல்தளப் பரப்போடு கூட்டக் கூடாது. தனி வரியில் எழுதித் தனியே மதிப்புப் போட வேண்டும். மதிப்பே இல்லை என்பதல்ல. மேலே உள்ள அடியும் கீழே உள்ள அடியும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம்.

சரி, நாமே பார்க்கக்கூடியவை என்ன?

சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்டோ டைல்ஸோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூலைகளில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் காற்றோட்டம் போதவில்லை. குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது? கழிவுநீர்த் தொட்டி தரையைவிட மேலே இருந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. முக்கியமாக, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து நிரம்புகிற பூமி இது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

அந்த வீட்டில் கேட்க வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. கீழே ஃபேக்டரிக்குப் போகும் நாலு பெண்கள் குடியிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு பெண், கொட்டாவியோடு சொன்னாள்: "மழைன்னா பெட்டியெல்லாம் கட்டில் மேல தூக்கி வெச்சுட்டுத்தான் டியூட்டிக்குப் போவோம்க்கா. போன வருஷம் என் சர்டிஃபிகேட் எல்லாம் நனைஞ்சு போச்சு."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு கணவரிடம் மெதுவாக, "இங்கேதானே அத்தைக்குக் கட்டில் போடறதா இருந்தோம்?" என்றாள். அவர் பதில் பேசவில்லை.

மதிப்பீட்டாளரின் கணக்கைக் காட்டியதும் விற்கிறவர் எட்டு லட்சம் இறங்கி வந்தார். ஆனாலும் நாத்தனார் வேண்டாம் என்றுவிட்டாள். "விலை குறைஞ்சுது அண்ணி, தண்ணி குறையலையே!" நல்லவேளை, அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை. இப்போது ஒற்றைத் தளமாக, தெருவைவிட மேடாக ஒரு சின்ன வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இருந்தாலும், படி இறங்கிப் போகும் அறைகளில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். வீட்டுக்காரச் சகோதரிகளே, அந்த அறையில் நம் பெண்ணைப் படுக்க வைப்போமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வாடகையைச் சொல்லுங்கள். கீழ்த்தளத்துக்கு அதைவிடச் சரியான மதிப்பீடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இதழில்: வில்லங்கச் சான்றிதழைப் படிப்பது எப்படி?