ஓதுவார்க்கு நெல் அளந்த மன்னன்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் என்றதும் நினைவில் எழுவது வானளாவும் விமானம். 1010ஆம் ஆண்டில் அதனை நிறைவித்த முதலாம் இராஜராஜ சோழனைப் போற்றுவோர் பெரும்பாலும் அந்தக் கல்லின் பெருமையையே பேசுகின்றனர். கல்லை எழுப்பிய அம்மன்னன் சொல்லையும் காத்தவன். அதனை அவன் எவ்வாறு காத்தான் என்பது, திருவிழாக் காலத்தில் ஆலயப் பொறுப்பாளர்களும் உபயக்காரர்களும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியாகும்.

மூவர் பதிகங்கள் மீட்கப்பட்ட வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் உரைக்கின்றது. அதில் வரும் அரசன் முதலாம் இராஜராஜனே என்று சைவ மரபு கொள்கின்றது. பதிகங்களை முழுமையாகப் பெற விழைந்த அம்மன்னன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியை நாடுகின்றான். ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் மூவர் கைச்சாத்துடன் காப்பிடப்பட்டுள்ளன எனத் தெரியவருகின்றது. மூவரும் வந்தாலன்றி அறை திறவாது எனத் தில்லைவாழ் அந்தணர் கூற, மூவரின் திருவுருவங்களை அங்கே எழுந்தருளச் செய்து மன்னன் அறையைத் திறப்பிக்கின்றான். உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. அழிந்தவை போக எஞ்சியவையே தேவாரமாகத் தொகுக்கப்பட்டன என்பது புராணத்தின் கூற்று.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் அறை திறந்ததோடு நிறுத்திவிடுகின்றனர். புராணம் அங்கே நிற்கவில்லை. ஏடு கிடைத்த பின்னரும் பண் தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி பண் முறையை அமைத்துத் தந்த பின்னரே பதிகங்கள் இசையோடு வழங்கலாயின. ஏட்டைக் கரையானிடமிருந்து மீட்பது ஒரு பணி. ஏட்டிலுள்ளதை நாவில் நிலைநிறுத்துவது மற்றொரு பணி. இரண்டாவது பணிக்குக் கற்றறிந்தவர் வேண்டும். அவர் கவலையின்றி வாழ வழியும் வேண்டும்.

அவ்வழியை இராஜராஜன் வகுத்து வைத்தமைக்குத் தஞ்சைக் கோயிலின் கல்வெட்டே சான்று பகர்கின்றது. அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களை அவன் நியமித்தான். உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் சேர்ந்து மொத்தம் 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் 3 குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கொடுக்கப்பட்டது. 12 குறுணி கொண்டது ஒரு கலம். அக்கணக்கின்படி, ஓதுதலுக்கென்று மட்டும் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம் நெல் வழங்கப்பட்டது. பாடியவர்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. பேரரசனின் மெய்க்கீர்த்தி பொறித்த கோயிலிலேயே ஓதுவாரின் பெயருக்கும் இடம் கிடைத்தது.

அக்கல்வெட்டில் மேலும் ஒரு விதி உண்டு. அவர்களுள் ஒருவர் இறந்தாலோ, வேற்றூர் சென்றுவிட்டாலோ, அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியில்லாதவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, பிறப்புரிமையினும் தகுதி மேலானது என்று ஒரு கோயில் நிருவாகம் எழுதி வைத்தமை வியக்கத் தக்கது. தன் காலத்தோடு முடிந்துவிடாத ஏற்பாடு எதுவோ அதுவே புரத்தல் எனப்படும்.

தந்தை வழியிலேயே மைந்தனும் நடந்தான். முதலாம் இராஜேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி கோயிலைச் சார்ந்து இயங்கியது. வேதம் பயின்றோர் எத்தனை பேர், இலக்கணம் பயின்றோர் எத்தனை பேர், அவரவர்க்கு நாளும் எவ்வளவு நெல் என்பதெல்லாம் கணக்காகக் கல்லில் உள்ளன. 1048இல், முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், புதுச்சேரியை அடுத்த திரிபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர். கல்விக்கு இடையூறு நேராதவாறு ஊர் வாரியப் பணிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. அக்கல்லூரிகளில் ஓதப்பட்ட வேதமும் வடமொழி இலக்கணமும் அந்நாளில் எல்லார்க்கும் திறந்திருந்த கல்வி அல்ல என்பதை மறைத்தல் தகாது. சோழரின் கொடையைப் பின்பற்றுவோர் அக்குறையைப் பின்பற்ற வேண்டுவதில்லை. இன்று ஆலயக் கல்வியை எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்து வைத்தல் கூடும்.

திருமுறைகள் அச்சேறிவிட்டன, கைப்பேசியிலும் கிடைக்கின்றன, இனி அவற்றைக் காக்க மன்னரும் வள்ளலும் எதற்கு என வினவுவோர் உளர். தில்லையின் அறையில் ஏடுகள் இல்லாமற் போகவில்லை. அவற்றை எடுத்து ஓதுவார்தாம் இல்லாமற் போயினர். பேழையில் பூட்டி வைத்து, பூசை நாளில் மட்டும் குங்குமம் இடப்படும் நூலும் முத்திரையிட்ட அறைக்கு ஒப்பானதே. கரையான் இல்லை என்பதனால் மறதி இல்லை என்று ஆகிவிடாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திருவிழா உபயங்களுக்குக் குறைவில்லை. மலர் அலங்காரம், மின்விளக்கு, மேளம், அன்னதானம், தேர் என ஒவ்வொன்றிற்கும் மனமுவந்து கொடுப்போர் உள்ளனர். வார இறுதியில் தேவார வகுப்பு நடத்தும் ஆலயங்களும் உண்டு, அவை போற்றுதலுக்குரியவை. எனினும் உபயப் பட்டியலில் ஓதுவார்க்கும் சமய ஆசிரியர்க்கும் தனி இடம் உள்ளதா என ஒவ்வோர் ஆலயமும் தன்னையே வினவிக்கொள்ளுதல் நலம். திருமுறை ஆசிரியரின் ஊதியம், மாணவர்க்கான நூல்கள், பண்ணிசைப் பயிற்சி ஆகியவற்றிற்கு ஆண்டு முழுமைக்கும் பொறுப்பேற்கும் ஓர் உபயம் வகுக்கப்படுமாயின், அதற்கும் அன்பர்கள் முன்வருவர். பயின்ற சிறார்கள் போட்டி மேடையோடு நின்றுவிடாமல், நாட்பூசையிலும் திருமுன் நின்று பாடும் வாய்ப்பைப் பெறுதல் வேண்டும்.

மலர் மாலைக்குள் வாடும். விளக்கும் விழா முடிந்ததும் அணையும். இரண்டும் இறைவனுக்கு உரியனவே. அவற்றைக் குறைக்க வேண்டுவதில்லை. அவற்றோடு ஒரு குழந்தையின் நாவில் ஒரு பதிகத்தையும் ஏற்றி வைத்தால், அக்குழந்தை முதியவரான பின்னும் அது ஒலிக்கும். இராஜராஜன் அளந்த நெல் என்றோ உண்ணப்பட்டுத் தீர்ந்தது. அந்நெல்லால் காக்கப்பட்ட ஓதும் நெறி, கடல் கடந்த ஆலயங்களில் இன்றும் தமிழாக ஒலிக்கின்றது. அதனை நாளைக்கும் ஒலிக்கச் செய்யும் கடமை இன்றைய உபயக்காரர்களைச் சேர்ந்தது.