செவ்வாயில் பறந்ததும் கணிதம்தான்



2021 ஏப்ரல் 19இல் செவ்வாயில் பறந்த 'இன்ஜெனியூட்டி' ஹெலிகொப்டரின் எடை 1.8 கிலோதான். அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் நூறில் ஒரு பங்களவே. பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேரவே பல நிமிடங்களாகும். அதனால் அது தானாகவே பறந்தது. 5 தடவைக்குத் திட்டமிட்டார்கள், 72 தடவை பறந்தது! அதன் பிரதான பொறியியலாளர் பொப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

அம்பேவல காற்றாலை சுற்றுவதும் இதே கணக்கில்தான்: அடர்த்தி பாதியானால் சக்தியும் பாதி.

"தோட்டத்துப் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதுக்கு சேர்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உயர்தரத்தில் கணிதம் படிக்க வெளியூர் போகும் பிள்ளையின் பஸ் காசை ஊரே சேர்ந்து கொடுப்போம். விழாக்களுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு போதும்.