எட்டு ஏவுகணைகள் கேடயமாகுமா?

மாணவர்களே, இரவு வானில் ஒரு ஏவுகணையை இன்னொன்று மோதிச் சிதறடிக்கும் காணொளிகளைத் திறன்பேசியில் பார்த்திருப்பீர்கள். அதனை 'வான் கேடயம்' என்று பலர் புகழ்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தை உங்கள் அறிவியல் பாடமே சொல்லும்.

அமெரிக்காவின் 'தாட்' தற்காப்பு முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய லோரியின் மேல் எட்டு இடைமறிப்பு ஏவுகணைகள் இருக்கும். தேவைப்படும் இடத்திற்குச் சாலை வழியாகவே கொண்டு செல்லலாம். எதிரியின் பாலிஸ்டிக் ஏவுகணை இலக்கை நோக்கி இறங்கும் கடைசிக் கட்டத்தில், ரேடார் அதனைக் கண்டறிந்து வழிகாட்ட, தாட் பாய்ந்து சென்று தாக்கும். சுமார் 150 கிலோமீட்டர் உயரத்திலும் இது நடக்கலாம்.

இதில் வியப்பு என்னவென்றால், தாட்டின் முனையில் வெடிமருந்தே இல்லை. மோதும் வேகம்தான் அதன் ஆயுதம்.

கணக்கிட்டுப் பாருங்கள். இயக்கச் சக்தி என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டு ஏவுகணைகளும் விநாடிக்கு 4,000 மீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது 1 கிலோகிராம் பொருண்மைக்கு ½ × 1 × 4,000 × 4,000 = 8 மில்லியன் ஜூல். 1 கிலோகிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிப்படுவது ஏறக்குறைய 4.2 மில்லியன் ஜூல்தான்!

ஆனால், பலம் தரும் அதே வேகம் வேலையைக் கடினமாக்குகிறது. அந்த வேகத்தில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலும் 4 மீட்டர் விலகிவிடும். 1990களில் நடந்த சோதனைகளில் தாட்டின் முதல் ஆறு இடைமறிப்பு முயற்சிகளும் தோற்றன. 1999 ஜூன் மாதத்தில்தான் முதல் வெற்றி கிட்டியது. பின்னர் நடந்த சோதனைகளில் அது நன்றாகத் தேறியது உண்மையே.

சோதனைக் களம் வேறு, போர் வேறு. 2022 ஜனவரி 17-ஆம் நாள், ஏமனின் ஹௌதி படையினர் அபுதாபியைத் தாக்கினர். தாட் முதன்முறையாகப் போரில் ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை அழித்தது அன்றுதான். ஆனால் ஆளில்லா வானூர்திகளும் அத்தாக்குதலில் பயன்படுத்தப்பட்டன. தாழப் பறக்கும் அவற்றைத் தடுப்பதற்காகத் தாட் உருவாக்கப்படவில்லை. அன்று எண்ணெய்க் கிடங்குப் பகுதியில் இரண்டு இந்தியர்களும் ஒரு பாகிஸ்தானியரும் உயிரிழந்தனர். பிழைக்கப் போன இடத்தில் மாண்டவர்கள் அவர்கள்.

ஆகவே தாட் வீண் என்று நான் சொல்லவில்லை. தடுக்கப்படும் ஒவ்வோர் ஏவுகணையும் பல உயிர்களைக் காக்கக்கூடும். ஆனால் கேடயம் எத்தனை அடி விழுந்தாலும் கையிலேயே இருக்கும். இடைமறிப்பு ஏவுகணையோ ஒருமுறை பாய்ந்தால் தீர்ந்தது. ஒன்பதாவது வரும்போது அந்த லோரி காலியாகவே நிற்கும்.

'கேடயம் இருக்கிறது' என்று நம்பிவிட்டால், போர் ஆபத்தில்லாத விளையாட்டாகத் தோன்றிவிடும். அந்த எண்ணம்தான் எனக்கு அச்சம் தருகிறது. அடுத்த முறை அத்தகைய காணொளியைப் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை வந்தன? எத்தனை தடுக்கப்பட்டன? தப்பியவை எங்கே விழுந்தன? மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தக் காணொளியில் இருக்காது. அதைத் தேடிப் படியுங்கள்.