அவசரம் இல்லை

போலந்துக்காரர்கள் பேச்சுவழக்கில் 'நோ' என்றால் 'ஆமா' என்று அர்த்தமாம். ஆங்கிலம் தெரிந்தவன் அங்கே போனால் கஷ்டம்தான்! ஆனால் இதற்காக அவ்வளவு தூரம் போவானேன்? சிங்கப்பெருமாள் கோயிலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீடே போதும்.

எங்களில் ஒருவன் நெல்லூர் பக்கம். போன செமஸ்டரில் 1,200 ரூபாய் கடன் கேட்டான், கொடுத்தேன். எப்போது திருப்பித் தரணும் என்று கேட்டதற்கு, "அவசரம் இல்லைடா" என்றேன், பெருந்தன்மையாக. பையன் முகம் மலர்ந்துவிட்டது. அன்று ராத்திரி முட்டை பரோட்டா அவன் செலவு. அப்புறம் ஒரு மாசம், இரண்டு மாசம்... பணத்தைப் பற்றி மூச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரிடம் மட்டும் "அவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லி வைத்தேன். (எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

பிறகு ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். அம்மாவிடம் போனில் "டாக்டர் அவசரம் லேது" என்றான். இவ்வளவு சுடுதே, ஏன் அவசரம் இல்லை என்கிறான் என்று விசாரித்தபோதுதான் குட்டு உடைந்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை! அந்தப் பணமே எனக்குத் தேவையில்லை என்று நான் சொன்னதாக அவன் நினைத்திருக்கிறான். நம்ம அவசரத்துக்கு அவர்கள் சொல்வது 'தொந்தர'. அதாவது 'தொந்தரவு இல்லை' என்று உளறியிருந்தால்கூட சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் போல :-)

சமஸ்கிருதத்தில் இது தருணம், வாய்ப்பு. இந்தியிலும் மலையாளத்திலும் வாய்ப்புதான். கன்னடம் மட்டும் நம்ம கட்சி. பிரபந்தமும் இப்படித்தான். இங்கே நரசிம்மர் சன்னதியில் பாடுவது பிரபந்தம். ரயில்வேயின் இந்தியிலோ 'பிரபந்தக்' என்றால் மேலாளர். உபன்யாசம் இந்திக்குப் போனால் நாவலாகிவிடும்.

பொதுவான வடசொற்கள் இருப்பதால் இந்தியர்கள் ஒருவரையொருவர் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாத சொல் என்றால் திரும்பக் கேட்போம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லை எவன் கேட்கிறான்? மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி பக்கமெல்லாம் பல மாநிலத்துக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். அங்கே 'அவசர வழி' என்று எழுதுவதைவிட, பச்சைப் பலகையில் ஓடுகிற மனுஷன் படம் எவ்வளவோ மேல்.

விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே, காய்ச்சலோடு, 1,200 ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டான். ஜாக்கிரதை என்று எச்சரித்த இரண்டு பேரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அப்படி எச்சரித்ததை அவனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.