50-ஆ, 35-ஆ? பதினெட்டு அடி தூரத்துக் கதை

"முதல் பிரைம் லென்ஸா? கண்ணை மூடிக்கிட்டு 50 மி.மீ. வாங்குங்க சார்." கேமரா வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் அப்படித்தான் வாங்கினேன். விலை குறைவு. எஃப் 1.8 என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும். பி.காம். படித்தவனுக்கு இதைவிட நல்ல பேரம் உண்டா?

ஆனால் தெருவில் படம் எடுக்க, அதிலும் வெளியூரிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு, அது சரியான லென்ஸ் இல்லை என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள், கணக்கைச் சொல்கிறேன்.

"ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனே பெரும்பாலும் 50-ல்தானே எடுத்தார்?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்தது லைக்கா. அதன் ஃபிலிம் 36-க்கு 24 மி.மீ. நம்மில் பலரிடம் இருப்பது அதைவிடச் சின்ன சென்சார். நிக்கான் என்றால் 1.5, கேனான் என்றால் 1.6 ஆல் பெருக்க வேண்டும். 50 என்று வாங்கியது 75, 80 போல வேலை செய்யும். அவர் பார்த்த பார்வை வேண்டுமென்றால் நாம் வாங்க வேண்டியது 35.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். கேமராவைக் குறுக்காகப் பிடித்து, ஐந்தரை அடி ஆளைத் தலை முதல் கால் வரை அடக்க வேண்டும். இந்தச் சின்ன சென்சாரில் 50-க்குச் சுமார் 18 அடி தள்ளி நிற்க வேண்டும். 35-க்கு 13 அடி போதும். 24-க்கு 9 அடிதான். பதினெட்டு அடி என்றால் தெருவுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்.

ஹௌரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. ஒரு வருடம் ஞாயிறுதோறும் போய், செவ்வந்தி மாலைகளைச் சுமந்து வருபவர்களை 50-ல் எடுத்துத் தள்ளினேன். பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்திருக்கும். ஒருநாள் என் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதெல்லாம் ஜூவில எடுத்த மாதிரி இருக்கு. ஒருத்தர்கூட உங்களைப் பாக்கல."

சுருக்கென்றது. எனக்கு மதுரைதான் ஊர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இப்படி ஒளிந்து நின்று எடுப்பேனா? "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டிருக்க மாட்டேனா? இங்கே கேட்காததற்குக் காரணம் பாஷை தெரியாத கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு 50 நல்ல சாக்காக இருந்தது.

35-க்கு மாறினேன். கிட்டே போகாமல் வழியில்லை. போனால் பேசாமல் வழியில்லை. "தாதா, ஏக்டா சொபி துல்போ?" என்பதுதான் நான் உருப்படியாகக் கற்ற முதல் வங்காள வாக்கியம் (பயப்படாதீர்கள், இங்கே தாதா என்றால் அண்ணன்). சிலர் வேண்டாம் என்று கையசைப்பார்கள். சரி என்று நகர்ந்துவிடுவேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவருக்குப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு நம்மவர்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தவனுக்கு, சந்தையில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கிடைத்தார்கள். வங்கியில் கே.ஒய்.சி. இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டோம். தெருவில் மட்டும் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் முகத்தை எடுத்துக்கொண்டு போகலாமா?

ஆகவே என் சிபாரிசு இதுதான். சின்ன சென்சார் என்றால் 35. கொஞ்சம் பழகியதும் 24. இதில் எஃப் 8 வைத்து, ஃபோகஸைப் பன்னிரண்டு அடியில் நிறுத்திவிட்டால் ஆறேழு அடியிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். ஃபோகஸைத் தேடித் திணற வேண்டாம்.

ஏற்கெனவே 50 வாங்கியவர்கள் விற்க வேண்டாம். வீட்டில் குழந்தைகளின் முகத்தை எடுக்க அது அருமை. அவர்களிடம்தான் நமக்குக் கூச்சம் இல்லையே!