கடற்கரையில் ஒரு நாள் ஊழியம்



பாம்பன் தீவின் கரையில் அறுந்த வலைகளையும் நெகிழிக் குப்பைகளையும் அகற்ற நம் வாலிபர் ஒரு நாள் செல்லவிருக்கின்றனர். ஆத்தும ஆதாயம் இருக்க, குப்பை பொறுக்குவது சபையின் வேலையா என்று சிலர் வினவுகின்றனர். சபையின் வேலையே என்பது என் துணிபு.

தோட்டத்தைப் பேணிக் காக்கும் பொறுப்பு, பாவம் நுழையுமுன்னரே மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது (ஆதியாகமம் 2:15). மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கே பவளப்பாறைகளைக் கட்டுபவை சிற்றுயிர்கள். பெரும்பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். முன்பு சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டினர். இன்றோ கைவிடப்பட்ட நைலான் வலைகள் அவற்றின்மேல் படிந்து ஒளியை மறைக்கின்றன, ஆமைகளையும் சிக்கவைக்கின்றன. பாறை அழிந்தால் மீன் குன்றும். மீனவர் வீட்டு அடுப்பும் அணையும். ஆகவே இது பிறரன்பின் ஊழியம்.

ஆயினும் ஒரு நாள் உழைப்பு போதாது. கரையைத் துப்புரவாக்கிவிட்டு, ஞாயிறு ஆராதனைக்குப்பின் தூக்கியெறியும் குவளைகளில் தேநீர் அருந்தினால் அது மனந்திரும்புதலாகாது. வாலிபரை அனுப்பும் சபை எவர்சில்வர் குவளைகளையும் வாங்கட்டும். அவற்றைக் கழுவ மூப்பரும் போதகரும் முதலில் முன்வருவோம்.

கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.