மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்



தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போவுக்கு நண்பகலில் மகிழுந்தில் செல்வோர்க்குக் குளிர்சாதனத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. பட்டறைக்குச் சென்றால், கருவி எதையும் கையில் எடுக்காமலே, "கம்ப்ரஸர் போய்விட்டது" என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம். இவ்வழக்கத்தையே நான் கண்டிக்கிறேன்.

கம்ப்ரஸர் பழுதாவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் சிறு கதவுகள் சில உள்ளன. ஒன்று குளிர்காற்றோடு வெப்பக்காற்றைக் கலக்கும். மற்றொன்று வெளிக்காற்றை உள்ளே விடும் அல்லது தடுக்கும். பழைய வண்டிகளில் இவற்றைக் கேபிள் இழுத்தது. தானியங்கிக் குளிர்சாதனத்தில் சிறு மோட்டார்கள் திருப்புகின்றன. பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்தால் 'டக் டக்' என்று ஓசை கேட்கும். கதவு நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிக்காற்றுக் கதவு திறந்தே நின்றுவிட்டால்? 2015, 2019 ஆம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் பள்ளிகளையே மூட வைத்ததே புகைமூட்டம், அது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வண்டிக்குள் புகும்.

சோதனை எளிது. வண்டியை அணைத்து, மோட்டாரின் மின்னிணைப்பைக் கழற்றி, திருகாணிகளை அகற்றுங்கள். (மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப் பைக்குரியவை; தொடவே கூடாது.) பல வண்டிகளில் ஐந்து முனைகள் இருக்கும்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று கதவின் நிலையை அறிவிக்கும் மின்தடைக்கு. பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்தபின், மோட்டாரின் இரு முனைகளில் மட்டும் 9 வோல்ட் மின்கலத்தை ஓரிரு நொடி தொடுங்கள். அச்சு சுழல வேண்டும். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழல வேண்டும். மோட்டார் இரைந்தும் அச்சு அசையாவிட்டால் பற்சக்கரம் போயிற்று. உள்ளே மின்னணுச் சில்லு உள்ள வகைக்கு இச்சோதனை ஆகாது.

"இது வாத்தியார் வேலையா?" என ஏளனம் செய்வோர் உண்டு. ஐயா, மின்சுற்று ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடம்! மின்கலத்தையும் கம்பியையும் அழகாக வரைந்து நம் மாணவன் மதிப்பெண் பெறுகிறான். அதே மின்கலம் தன் தந்தையின் பணத்தைக் காக்கும் என்பதை அவனுக்கு யார் காட்டுவது? பயிற்சி நூல்களை அடுக்கடுக்காக வாங்கித் தரும் பெற்றோர், நாற்பது வெள்ளியில் ஒரு மல்டிமீட்டர் வாங்க யோசிப்பது ஏன்?

பழைய மோட்டார் எவரிடமேனும் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என் வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். பற்சக்கரம் உடைந்ததானாலும் சரி.